ஏலாது என்று நான் சொன்னேன்

அந்தப் பெட்டியின் மேல் இருபத்துநான்கு உலோக முனைகள் இருந்தன. இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. வெளியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் ஒரு முனை அரிசிமணி உயரத்துக்கு எழும்பும். அழைப்பை உரியவருக்குக் கொடுத்ததும் உள்ளே இறங்கிவிடும். மற்ற இடங்களில் சிறு விளக்குகள் செய்கிற வேலையை இங்கே முனைகள் செய்தன. ஏனென்றால் அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்த பெண்மணிக்குக் கண் தெரியாது. இடது கையின் நான்கு விரல்களை அந்த வரிசைகளின் மேல் சும்மா வைத்திருப்பார். வலது கையில் பெரும்பாலும் கறுப்பு அதிமதுர மிட்டாய் ஒன்று இருக்கும். ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் இடையில் அதை வாய்க்குள் போட்டு, கன்னத்தின் ஒரு பக்கம் ஒதுக்கி, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் நிறுவனத்தின் பெயரைச் சொல்லுவார். நான் எட்டு வருடம் அதைக் கேட்டேன். ஒரு நாளாவது மிட்டாய் அவர் குரலில் தெரிந்ததில்லை.

எசன் நகரின் வடக்குப் பக்கத்தில், குளியலறைச் சாமான்களையும் வீடு சூடாக்கும் கருவிகளின் உதிரிப்பாகங்களையும் மொத்தமாக விற்கிற நிறுவனம் அது. ஜேர்மனியில் கண் தெரியாதவர்கள் பலர் அந்தக் காலத்தில் தொலைபேசி வேலைக்கென்றே பயிற்சி பெற்றவர்கள். ஒரு நிறுவனத்தை அழைத்தால் முதலில் கேட்கிற குரல் கண் தெரியாத ஒருவருடையதாக இருப்பது அங்கே புதுமையல்ல. குளிர்காலத்தில் குழாய் வேலைக்காரர்கள் ஏதோ ஒரு வீட்டு நிலவறையில் நின்றுகொண்டு கோபத்தோடு அழைப்பார்கள். அவர்கள் பெயர் சொல்வதற்கு முன்பே இவரே அவர்களுடைய பெயரைச் சொல்லி, கோபத்தைப் பாதியாக்கிவிட்டுத்தான் களஞ்சியத்துக்கு இணைப்புக் கொடுப்பார்.

நான் அகதியாக வந்து, அந்த நிறுவனத்தின் களஞ்சியத்தில் பெட்டி தூக்கத் தொடங்கியவன். சாமான் அடுக்குகிற தட்டுகளுக்கெல்லாம் எண் எழுதி ஒட்டினேன். எண்ணிக்கை ஒருநாளும் பிழைக்கவில்லை என்பதால் கணினிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே எனக்குக் கிடைத்த முதல் வேலை, அவருடைய பெட்டிக்குப் பின்னால் இருந்த கம்பிகளுக்கு அடையாளம் ஒட்டுவது. "கறுப்பாக ஒருவர் வருவார், பயப்படாதீர்கள்" என்று யாரோ அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். நான் உள்ளே போனதும் அவர் சொன்ன முதல் வார்த்தைகள் இவை. அவர் பேசியது ஜேர்மன். ஆனால் என் காதில் அது எங்கள் தமிழாகவே தங்கிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு எல்லாரும் ஒரே நிறம். கையைக் கழுவிப்போட்டுத் தொடுங்கோ."

பிறகு என் பெயரைக் கேட்டார். மற்றவர்கள் எல்லோருக்கும் நான் 'ஹெர் குணா', அதாவது திரு. குணா. அவர் மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டு, நான்காம் தரம் தானே சொன்னார்: குணரத்தினம். அந்தக் கட்டடத்தில் என் முழுப்பெயரைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். என் மனைவிக்கு அப்போது ஜேர்மன் வராது. அவள் நிறுவனத்துக்கு அழைத்தால் "ஹலோ" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பாள். அந்த 'ஹலோ'வை வைத்தே ஆள் யாரென்று தெரிந்துகொண்டு, என்னிடம் இரண்டு சொல் கேட்டுப் பழகிவைத்திருந்தார். "இருங்கோ" என்பார். நான் எடுக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் "வாறார்" என்பார். எங்கள் வீட்டில் அவருக்கு ரெலிபோன் அக்கா என்று பெயர் வந்தது அப்படித்தான்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, தொலைபேசிகளை எல்லாம் இணையத்துக்கு மாற்றுவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. பழைய கம்பிகள் தேவையில்லை, கணினி வலையிலேயே தொலைபேசியும் ஓடும், மூன்று கிளைகளும் ஒரே தொகுதியில் பேசலாம், ஒருவர் மேசை மாறினால் தொலைபேசியைக் கழற்றிக்கொண்டு போய் அங்கே செருகினால் போதும், எண் கூடவே வரும். இன்றைக்கு இதில் வியப்பு இல்லை. அன்றைக்கு மேலாளர் அதை ஒரு மந்திரம் போலச் சொன்னார். வேலை முழுவதற்கும் பொறுப்பாக என்னை நியமித்தார். அந்த நிறுவனத்தில் வெளிநாட்டவன் ஒருவனிடம் ஒரு முழு வேலை ஒப்படைக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. நான் புதிய கோப்பு ஒன்று வாங்கி, பிரிவு பிரிவாகத் தாள் பிரித்து, எண்பத்தாறு தொலைபேசிகளுக்கும் ஒரு பட்டியல் போட்டேன். எந்த அறை, எந்தச் சுவர், யார் மேசை, வலதுகைக்காரரா இடதுகைக்காரரா என்பது வரை.

புதிய தொகுதியில் பெட்டி கிடையாது. கணினித் திரையில் ஒரு சாளரம். பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி, பெயர்ப் பட்டியல், சுட்டியால் இழுத்து விடவேண்டும். அக்காவின் அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து அவர் என்ன செய்கிறார் என்று எழுதினேன். அவருக்கு மாற்றத்தில் வெறுப்பு எதுவும் இல்லை.

"புதுசு வந்தால் வரட்டும். பழசை நான் என்ன கலியாணமோ கட்டினனான்? ஆனால் என்ரை விரலுக்குக் கீழ ஏதாவது இருக்கவேணும். காத்தைத் தடவி வேலை செய்ய எனக்குத் தெரியாது."

"பார்க்கிறேன்" என்றேன்.

பார்த்தேன். தென் ஜேர்மனியில் ஒரு சிறிய நிறுவனம், திரையில் இருப்பதை பிரெய்ல் புள்ளிகளாக விசைப்பலகைக்குக் கீழே எழுப்பிக் காட்டும் ஒரு கருவி செய்தது. எங்கள் தொகுதியோடு அது சேர்ந்து இயங்கும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். இப்படியான கருவிகளைப் பெற்றுத்தருவதற்கு என்றே ஓர் அரச அலுவலகம் உண்டு. அதற்கு ஓர் அன்ராக் எழுதவேண்டும், அதாவது விண்ணப்பம். ஒரேயொரு நிபந்தனை: புதிய தொகுதிக்கு நிறுவனம் கையெழுத்துப் போடுவதற்கு முன்பாக விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும். நான்கு பக்கப் படிவம். நான் அதை மூன்று மாலைகள் இருந்து நிரப்பினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. கருவி எங்கள் தொகுதியின் எந்தப் பதிப்போடு இயங்கும் என்ற இலக்கம். அதை எழுத்தில் அனுப்புவதாகக் கருவி செய்தவர்கள் சொன்னார்கள், அனுப்பவில்லை. நினைவூட்டினேன். இன்னும் அனுப்பவில்லை. ஒரு கட்டம் வெறுமையாக இருக்கும் படிவத்தை நான் என் வாழ்க்கையில் யாருக்கும் அனுப்பியதில்லை. அகதி விண்ணப்பத்தில் ஒரு கட்டம் விடுபட்டதற்காக ஏழு மாதம் காத்திருந்தவர்களைப் பார்த்தவன் நான். என் கையால் போகிற தாள் குறையில்லாமல் போகவேண்டும் என்பது எனக்குப் பிடிவாதமாகவே வளர்ந்துவிட்டது. படிவத்தைக் கோப்பில் வைத்துக் காத்திருந்தேன். மூன்று வாரம்.

அந்த மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை, விற்பனையாளர் நேரில் வந்தார். மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் அந்த நேரம் அடுத்த கட்டடத்தில் சுவரில் உள்ள செருகுதுளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை தென் ஜேர்மனியிலிருந்து கடிதம் வந்தது. பதிப்பு இலக்கம் இருந்தது. இயங்கும் என்று தெளிவாக எழுதியிருந்தது.

மறுநாள் புதன்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். மேலாளர், வேலையாட்கள் குழுவின் பிரதிநிதி, அக்கா, நான். பிரதிநிதி சண்டைக்கு ஆயத்தமாக வந்திருந்தார். கண் தெரியாத ஒருவரை நினைத்தபடி ஆசனத்திலிருந்து எழுப்ப முடியாது, அவருக்கு ஓய்வுபெற இன்னும் ஏழு வருடம் இருக்கிறது, வழி தேடாமல் ஒரு முடிவும் எடுக்க விடமாட்டேன் என்றார். மேலாளர் என் பக்கம் திரும்பினார். "ஹெர் குணா, வழி ஏதாவது இருக்கிறதா?"

வழி என் முழங்காலின் மேல் இருந்த கோப்பில் இருந்தது. இருக்கிறது என்று சொன்னால், ஏன் விண்ணப்பிக்கவில்லை என்ற கேள்வி வரும். படிவம் ஒரு கட்டத்துக்காக என்னிடம் மூன்று வாரம் கிடந்தது என்று சொல்லவேண்டும். எனக்கு முதல் தடவையாகக் கிடைத்த பொறுப்பு. நான் யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

"தொழில்நுட்ப ரீதியாக இயலாது. இரண்டும் சேர்ந்து இயங்கா."

பிரதிநிதி விடவில்லை. வேறு ஒருவரை வைத்துப் பரிசோதிக்கவேண்டும் என்றார். அப்போது அக்கா மேசையில் மெல்லத் தட்டினார்.

"விடுங்கோ. இந்தக் கட்டடத்தில ரெண்டு தரம் அளந்துபோட்டு வாய் திறக்கிற ஆள் இவர் ஒராள்தான். குணரத்தினம் ஏலாது எண்டால் ஏலாது."

அந்த ஆண்டின் நாட்குறிப்பு இப்போது என் மேசையில் இருக்கிறது. அந்தப் புதன்கிழமைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: 'மழை. 7.12 ட்ராம் நான்கு நிமிடம் தாமதம். பத்து மணிக் கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. தொலைபேசி நிலையத்துக்கான கருவி பொருந்தாது.' யாரும் பார்க்காத என் சொந்தத் தாளில், என் சொந்தக் கையெழுத்தில், அந்தப் பொய்யை உண்மை என்று பதிந்து வைத்திருக்கிறேன். பொய் சொன்னதைவிட இதுதான் என்னை இன்னும் கூச வைக்கிறது.

மாற்றம் நடந்த நாள் எண்பத்தாறு தொலைபேசிகளும் வேலை செய்தன. மேலாளர் எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்காவின் பெட்டியின் கம்பியை நான்தான் பிடுங்கினேன். அழைப்பவர்களை அதன் பிறகு பதிவுசெய்த குரல் ஒன்று வரவேற்றது. களஞ்சியத்துக்கு ஒன்று, கணக்குக்கு இரண்டு. இரண்டிலும் சேராத சில அழைப்புகளை வரவேற்பில் இருந்த பெண் திரையைப் பார்த்து எடுத்தாள். அக்காவைத் தபால் அறைக்கு அனுப்பினார்கள். கடிதங்களை மூன்றாக மடித்து, முகவரி தெரிகிற உறைக்குள் வைத்து, முத்திரை இயந்திரத்துக்குள் விடுவது அவர் வேலை. நாள் முழுவதும் நூறு பேரோடு பேசிக்கொண்டிருந்தவருடைய அறையில் இப்போது ஓர் இயந்திரம் மட்டும் தடக் தடக் என்றது.

தபால் அறை, புதிய தொகுதியின் இயந்திர அறைக்குப் போகிற வழியில் இருந்தது. நாளுக்கு நான்கு தடவையாவது நான் அந்தத் திறந்த கதவைக் கடக்கவேண்டும். முதல் வாரம் "காலை வணக்கம்" சொன்னேன். "குணரத்தினம், உங்கடை மந்திரம் எப்பிடி? இண்டைக்கு எத்தினை பேர் வரவேற்பில அழுதவை?" என்று கேட்டு அவரே சிரித்தார். இரண்டாம் வாரம் வேறு வேலை இருப்பவன் போல வேகமாகக் கடந்தேன். மூன்றாம் வாரம் நான் செய்ததை எழுதுவதற்குக் கை தயங்குகிறது. கதவுக்கு ஐந்து அடி முன்னாலேயே இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்தைக் கையால் பொத்திக்கொள்வேன். தரையில் சத்தம் போடும் இடம் ஒன்று இருந்தது, அதைத் தாண்டிக் காலை வைப்பேன். மூச்சை அடக்கிக்கொள்வேன். அவர் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருக்கும், கைகள் மடித்துக்கொண்டிருக்கும். நான் அவருக்கு முன்னால் ஓசையில்லாமல் கடந்து போவேன். ஒரு தடவை எதிரே வேலையாட்கள் பிரதிநிதி வந்து, "ஹெர் குணா!" என்று வாய் திறக்கப் போனார். நான் உதட்டில் விரல் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். அதன் பிறகு அவர் என்னோடு தேவைக்கு மேல் பேசியதில்லை.

ஏழு வாரம் இப்படிப் போனது. ஒரு பின்னேரம் வீட்டில் நான் நாட்குறிப்பைத் திறந்தபடி இருக்க, மனைவி புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு என்ன வருத்தம்?"

"ஒரு வருத்தமும் இல்லையே."

"அப்ப ஏன் ரெலிபோன் அக்கா எடுத்துக் கேட்டவ? ஒண்டரை மாதமாக் குணரத்தினத்தின்ரை சத்தத்தைக் காணேல்லை, ஆஸ்பத்திரியில இருக்கிறாரோ எண்டு. நான் 'இல்லை, நாளாந்தம் வேலைக்குப் போறார்' எண்டு சொன்னன். பிறகு 'சரி, சந்தோசம்' எண்டிட்டு வைச்சிட்டா. என்ன நடந்தது?"

சொன்னேன். கோப்பு, கட்டம், கூட்டம், சாவிக்கொத்து. அவள் கைகளில் மா காய்ந்துகொண்டிருந்தது.

"பருப்புப் போத்தலுக்கும் பேர் எழுதி ஒட்டுற மனுசன் நீங்கள். ஒரு கட்டம் வெறுமையாப் போனால் என்ன, உலகம் கவிழ்ந்திடுமோ? பிறகு அனுப்புறம் எண்டு ஒரு வரி எழுதித் தபாலில போடேலாதோ?"

"அது பிழைதான்."

"அது பிழை. பிழை ஆரும் விடுவினம். மற்றது என்ன? கண் தெரியாத மனுசிக்கு முன்னால காலைத் தூக்கித் தூக்கி வைச்சு நடந்தனீங்களே, அதுக்கு என்ன பேர் எழுதி ஒட்டப் போறியள்?"

அவள் திரும்பி மாவைக் குழைத்தாள். முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ. சொல்லாட்டி நான் எடுத்துச் சொல்லுவன். எனக்கு இப்ப ஜேர்மன் வரும்."

மறுநாள் காலை கோப்போடு தபால் அறைக்குப் போனேன். சாவிகளைப் பொத்தவில்லை. அவர் தலை நிமிர்ந்தது.

"குணரத்தினம். வாங்கோ. சுகமாத்தான் இருக்கிறியள் எண்டு கேள்விப்பட்டன்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இயந்திரத்தை அவர் நிறுத்தினார். நான் எதிர்பார்த்தது கோபம். அதற்கு ஆயத்தமாக வந்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அந்த அன்ராக் இப்ப கையில இருக்கோ?"

"இருக்கு."

"வாசியுங்கோ."

வாசித்தேன். பெயர், பிறந்த நாள், எத்தனை வருடச் சேவை, தேவைப்படும் கருவி. நான்காம் பக்கத்தில் 'காரணம்' என்ற தலைப்பின் கீழ் எட்டு வரி நான் எழுதியிருந்தேன். அகராதியை வைத்து மூன்றாம் மாலை முழுவதும் செலவழித்த எட்டு வரி. இவர் அழைப்பவர்களைக் குரலால் அறிவார், ஆத்திரத்தோடு வருகிறவர்களை அமைதியாக்கி உரியவரிடம் சேர்ப்பார், புதிதாக வந்தவர்களின் பெயரைச் சரியாகச் சொல்லும் ஒரே ஆள் இவர், இவர் அந்த இடத்தில் இல்லாவிட்டால் இந்த நிறுவனத்துக்கு வாசல் இல்லை. நான் ஜேர்மன் மொழியில் எழுதியவற்றில் அதுதான் நல்ல எழுத்து. அதை உரத்து வாசிக்கும்போது என் குரல் இரண்டு தடவை நின்றது. அவர் உதவவில்லை, காத்திருந்தார்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"எந்தக் கட்டம் வெறுமை?"

"மூன்றாம் பக்கத்தில், பதிப்பு இலக்கம்."

அவர் கையை நீட்டினார். தாள்களைக் கொடுத்தேன். மேசையில் தட்டி விளிம்பை நேராக்கினார். விரல்களால் ஒரு தடவை மேலிருந்து கீழே தடவினார். மை எழுத்து, அவருக்கு அங்கே எதுவும் இல்லை. பிறகு நாள் முழுவதும் மடிக்கிற கடிதங்களைப் போலவே மூன்றாக மடித்தார். மூலைகள் மயிரிழை பிசகாமல் பொருந்தின. உறைக்குள் வைத்து என் பக்கம் நீட்டினார்.

"வடிவா எழுதியிருக்கிறியள்" என்றார். "இதை அப்பிடியே அனுப்பியிருக்கலாம்."

மேலாளரிடம் போய் உண்மையைச் சொல்கிறேன், இப்போதும் விண்ணப்பித்துப் பார்க்கலாம் என்றேன்.

"அது உங்கடை அலுவல். எனக்குப் பத்து மணிக்கு முதல் இதெல்லாம் முடியவேணும்."

இயந்திரம் மறுபடி தடக் தடக் என்றது.

அடுத்த வசந்த காலத்தில் அவர் முன்கூட்டியே ஓய்வு பெற்றுப் போனார். பிரியாவிடையில் எல்லோருக்கும் கைகொடுத்தார், எனக்கும் கொடுத்தார். என் முழுப்பெயரைச் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. நான் இப்போது அந்த நிறுவனத்தில் இல்லை. மேலாளரும் இல்லை. பின்னாளில் வேறொரு வேலைக்காக அதே அரச அலுவலகத்தோடு பேசவேண்டி வந்தது. தாமதமான விண்ணப்பத்தையும் காரணம் சொல்லி ஏற்கச் செய்திருக்கலாம், கேட்டிருந்தால், என்றார் அங்கே இருந்தவர்.

கேட்காமல் விட்டது எப்படி என்பதையும் எழுதிவிட வேண்டும். அன்று தபால் அறையிலிருந்து நேரே மேல் மாடிக்குத்தான் போனேன். உறை என் சட்டைப் பையில் இருந்தது. மேலாளரின் கதவு கண்ணாடி. அவர் புதிய தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார், அதன் மூலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் வெளியே நின்று என்ன சொல்வது என்று வரிசைப்படுத்தினேன். முதலில் படிவம், பிறகு கடிதம், பிறகு கூட்டம். ஏறக்குறைய பத்து நிமிடம் நின்றேன். விளக்கு அணைந்தது. அவர் நிமிர்ந்து கண்ணாடிக்கு ஊடாக என்னைப் பார்த்துச் சிரித்தார், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தொலைபேசி நன்றாக வேலை செய்கிறது என்பது அதன் பொருள். நானும் விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, படிகளில் இறங்கிப் போனேன்.